அலைக்கு முந்திய சத்தம்

அலை விழுவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் விழுந்தது.

தங்கை முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கலங்கரை விளக்கத்தின் அடியில், இடுப்பளவு சுவரில் கையை ஊன்றிக் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை முதுகோடு ஓர் அலை எழும்பி, அவசரமில்லாமல் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது இன்னும் மடியவேயில்லை. ஆனால் மடிந்து, உடைந்து, நுரைத்து, கூழாங்கற்களைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு திரும்பும் சத்தம் முழுவதும் அவள் காதுக்குள் வந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அலை உடைந்தது. ஊமையாக. பஞ்சுப்பொதி சரிகிற மாதிரி.

முந்தைய அலையின் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மலைமேல் நிற்கிறவனுக்குக் கீழே மரம் வெட்டுகிற சத்தம் தாமதமாக வருவதில்லையா, அதுபோல. காதுகளைப் பரிசோதிப்பதுதான் அவள் தொழில். சத்தம் பிந்தும் என்பது அவளுக்குத் தெரியும். முந்தாது என்பதும் தெரியும்.

அக்காவுக்கு இது எதுவும் உறைக்கவில்லை. காரை விட்டு இறங்கியதுமே காதுக்கருவிகள் இரண்டையும் கழற்றி டப்பியில் போட்டு, டப்பியைக் கைப்பைக்குள் திணித்திருந்தாள்.

"மாட்டிக்கோக்கா. அலைச் சத்தம் கேட்க வேண்டாமா?" என்று தங்கை தன் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்.

"காத்து உள்ள பூந்து கொர்ருங்குதுடி. இவ்ளோ தண்ணிய கண்ணால பார்த்து முடிக்கவே நேரம் பத்தல, இதுல காது வேறயா?"

அக்கா பேசினால் ஊருக்கே கேட்கும். நெசவாலைத் தறிகளுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்தவர்களின் குரல் அது. கத்திக் கத்திப் பேசிப் பழகி, கடைசியில் அடுத்தவர் கத்தினாலும் தனக்குக் கேட்காமல் போனவர்களின் குரல். அந்தத் தறிச் சம்பளத்தில்தான் தங்கை படித்தாள். அவள் பட்டம் வாங்கி வந்தபோது அக்காவின் காது ஏறக்குறைய போயிருந்தது. "காது போன பிறகு வீட்டுலயே டாக்டரம்மா" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். சென்ற மாதம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அதுவரை அவள் கடலைப் பார்த்ததே இல்லை.

அதற்காகத்தான் இந்தப் பயணம். இருவருக்கு மட்டும் ஒரு கார், காரை ஓட்டவும் இடங்களைக் காட்டவும் ஒரு வழிகாட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை கடலோரச் சாலை. ராணி மாதிரி அழைத்துப் போக வேண்டும் என்று தங்கை பிடிவாதமாக ஏற்பாடு செய்திருந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு ஆசைதான் குட்டிம்மா," என்றாள் அக்கா. "காலை நனைக்கணும். அலை திரும்பிப் போறப்ப காலுக்கடியில மண்ணை உருவிட்டுப் போகுமாமே? மில்லுல எல்லாரும் சொல்லுவாளுங்க. நான் மட்டும் பார்த்தவ மாதிரி தலையாட்டிட்டு இருப்பேன்."

காரில் ஏறும்போது தங்கை ஒன்றைக் கவனித்தாள். வழிகாட்டி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். சுருக்கமில்லாத வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான ஆள். கார்க் கதவைத் திறந்தே வைத்து, வானொலியைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்திருந்தான். கடலைக் காட்டிப் பிழைக்கிறவன் கடலையே பார்க்காமல் நிற்கிறானே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. தினம் பார்த்துச் சலித்திருக்கும், பாவம்.

அடுத்த கரை நீளமானது. வெள்ளை மணல், வரிசையாக ஊன்றிய நீலக் குடைகள், குடைகளுக்குக் கீழே ஆளில்லாத சாய்வு நாற்காலிகள். பருவம் முடிந்துவிட்டதால் கூட்டமில்லை என்று வழிகாட்டி சொன்னான். காற்றில் உப்பும், எங்கோ காயும் பாசியின் அழுகல் மணமும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் கலந்திருந்தன. தங்கை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். உலர்ந்த மணலில் எல்லாம் சரியாகவே இருந்தது. அக்காவின் மூச்சு, புடவை காற்றில் படபடப்பது, பின்னால் வானொலிப் பாட்டு. தண்ணீர் வந்து போகும் ஈர மணலில் மட்டும்தான் ஏதோ பிசகியிருந்தது. அலைகளின் சத்தமும் அலைகளும் இரண்டு தனித்தனி கூட்டம் போல, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தன.

படாரென்று ஒரு குடை விழுந்தது. கம்பி நாற்காலியில் மோதும் ஓசை, துணி கிழியும் ஓசை, உருண்டு நிற்கும் ஓசை. தங்கை திடுக்கிட்டுத் திரும்பினாள்.

எல்லாக் குடைகளும் நின்றுகொண்டிருந்தன.

அக்காவுக்குச் சிப்பி பொறுக்கிக் கொடுத்தாள். தலைமுடியை ஒதுக்கினாள். வேறெதையோ யோசிக்க முயன்றாள். பிறகு, தண்ணீருக்கு மிக அருகே ஈர மணலில் ஊன்றியிருந்த கடைசிக் குடை மெல்லச் சாய்ந்தது. கம்பி நாற்காலியில் மோதியது. துணி கிழிந்தது. உருண்டு போய் நின்றது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

அக்கா அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். அவளுக்கு உலகமே எப்போதும் அப்படித்தானே விழுகிறது.

"இங்கயே காலை நனைச்சுக்கட்டுமாடி?"

"இங்க வேண்டாம்மா," என்று வழிகாட்டி தூரத்திலிருந்து கைகளை ஆட்டினான். உலர்ந்த மணலைத் தாண்டி அவன் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. "இங்க இழுப்பு ஜாஸ்தி. கடைசிக் கரைல தண்ணி குளம் மாதிரி நிக்கும். அங்க நனைச்சுக்கலாம்."

தங்கை அவன் சொன்னதை அக்காவின் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரியும்படி திருப்பிச் சொன்னாள். அக்கா தலையாட்டினாள். தங்கைக்குக் காரணம் தெரியாமலே நிம்மதியாக இருந்தது.

காரில் எல்லாம் ஒழுங்காகக் கேட்டது. கதவு மூடியபோது மூடிய சத்தம். அக்கா இருமியபோது இருமல். தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று தங்கை முடிவு செய்தாள். வெயில், தூக்கமின்மை, ரத்த அழுத்தம். தன்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் இல்லாத மணி அடிக்கிறது, இல்லாத ரயில் ஓடுகிறது என்று சொல்வார்கள். அவர்களிடம் அவள் சொல்லும் ஆறுதலையெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கேட்கிறவர் இடத்தில் உட்கார்ந்தபோது அதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காகத்தான் இருந்தது.

கறுப்புப் பாறைகள் சூழ்ந்த சின்ன வளைவில் அடுத்து நின்றார்கள். பாறை வழுக்கும் என்று அக்காவை மேலேயே உட்கார வைத்துவிட்டு, தங்கை தனியாகக் கீழே இறங்கினாள். ஈர மணலில் நின்று கையைத் தட்டிப் பார்த்துவிடலாம் என்று எண்ணியிருந்தாள். சத்தம் எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டால் போதும், சந்தேகம் தீரும்.

காலை ஈர மணலில் வைத்ததும் கை தட்டும் ஓசை கேட்டது.

ஒரே ஒரு தட்டு. மிக அருகில். அவள் நெஞ்சுக்கு முன்னால்.

அவள் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

தட்டமாட்டேன், என்று நினைத்தாள். விரல்களை மடக்கி இடுப்பில் அழுத்திக்கொண்டாள். தட்டவே மாட்டேன். அப்புறம் என்ன ஆகும், பார்க்கலாம். அலைகள் ஊமையாக வந்து கணுக்காலைத் தொட்டுப் போயின. பாறை இடுக்குகளில் நண்டுகள் ஒளிந்தன. அவள் நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. தோற்றுப்போனது தானில்லை, அந்தச் சத்தம்தான் என்று தோன்றியபோது மூக்கருகே ஒரு ஈ சுற்றியது. யோசிக்கும் முன்பே இரண்டு கைகளும் உயர்ந்து, நெஞ்சுக்கு முன்னால் அறைந்துகொண்டன.

உள்ளங்கைகள் எரிந்தன. சத்தம் வரவில்லை.

அவள் மேலே ஏறி வந்தபோது அக்கா முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"பசிக்கா."

சாலையோர உணவகத்தில் ரொட்டியும் பொரித்த மீனும் தேநீரும் வந்தன. அக்கா கை கழுவப் போன நேரத்தில் தங்கை வழிகாட்டியிடம் குனிந்து, பைத்தியக்காரி என்று நினைத்தாலும் நினைக்கட்டும் என்று, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே இருந்தான்.

"உங்களுக்குக் கேக்குதா மேடம்," என்றான். அது கேள்வி மாதிரி இல்லை.

"உங்களுக்கு?"

"நான் ஏன் ரேடியோவ அலற விடறேன்னு நினைக்கறீங்க?" தேநீரை ஒரே வாயில் குடித்தான். "எல்லாருக்கும் கேக்காது. எப்பவாவது ஒருத்தருக்கு. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்லிக்கறாங்க."

"ஒண்ணும் ஆகாதா?"

"ஆச்சுன்னு யாரும் திரும்பி வந்து சொன்னதில்ல மேடம்."

தங்கை தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கடைசிக் கரைய விட்டுடலாமா?" என்று அவன் தணிந்த குரலில் கேட்டான். "இப்படியே திரும்பிடலாம். வழி அடைச்சிருக்குன்னு நான் சொல்லிக்கறேன்."

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். காலையில் மை தீட்டியிருந்தாள். வெயிலில் அது லேசாகக் கரைந்திருந்தது. தங்கை வழி அடைத்திருப்பதாகச் சொன்னதும் அவள் முகம் சுருங்கவில்லை, கோபப்படவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "சரி விடு. கொடுத்து வெச்சது அவ்ளோதான்," என்றாள். அந்தக் குரல் முதன்முறையாக மெதுவாக இருந்தது.

அதைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை.

"இல்லக்கா," என்றாள். "போகலாம். பார்த்துட்டு மட்டும் வரலாம்."

கடைசிக் கரையில் தண்ணீர் குளம் மாதிரிதான் இருந்தது. இரண்டு மேடுகளுக்கு நடுவே சின்னக் குடா. அலையே இல்லை, ஓரத்தில் மட்டும் ஒரு நுரைக்கோடு வந்து வந்து போனது. மாலை வெயில் மஞ்சளாக விழுந்து, அடிமணல் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. இவ்வளவு அழகான இடத்தில் ஒரு மனிதரும் இல்லை. ஒரு பறவையும் இல்லை. வழிகாட்டி மடக்கு நாற்காலிகள் இரண்டை உலர்ந்த மணலில், தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி விரித்துப் போட்டுவிட்டு, மேட்டின்மேல் நிறுத்தியிருந்த காருக்கு வேகமாகத் திரும்பிப் போனான்.

அக்கா உட்கார்ந்தாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தறிநூல் அறுத்து அறுத்துக் காய்ப்பு ஏறிய கை. சூடாக இருந்தது.

கடல் அமைதியாக இருந்தது. வெகுநேரம்.

"குட்டிம்மா!"

அக்காவின் குரல். பக்கத்திலிருந்து அல்ல. தண்ணீரிலிருந்து.

"குட்டிம்மா! அடியேய், கையக் கொடுடி! கால்... காலுக்கடியில..."

அவள் திரும்பிப் பார்த்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டு, கடலைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை இவள் கைக்குள் இருந்தது.

தண்ணீரில் அக்கா அலறினாள். தறிச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு பேசிப் பழகிய அந்தப் பெரிய குரல், இந்தச் சின்னக் குடா முழுவதும் மோதி மோதித் திரும்பியது. அதற்கு மேலே இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. கரையோரமாக, யாரோ ஒரு பெண். வார்த்தையே இல்லாமல், தொண்டை கிழிய, அடிபட்ட விலங்கு போல ஊளையிட்டாள். யாரென்று தெரியவில்லை. கேட்கச் சகிக்கவில்லை. அக்காவின் குரல் தூரமாகியது. இன்னும் தூரமாகியது. மூச்சு வாங்கியது. நின்றது. மற்றவள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினாள்.

பிறகு அவளும் நின்றாள்.

"எந்திரி!" தங்கை அக்காவை இழுத்தாள். நாற்காலி கவிழ்ந்தது.

"என்னடி ஆச்சு உனக்கு? இன்னும் காலையே..."

"எந்திரிக்கா! போலாம்! இப்பவே!"

அக்கா அவள் உதடுகளைப் படித்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "பத்தடி தூரம்டி. நனைச்சுட்டு வந்துடறேன். நீ வேணா கையப் புடிச்சுக்கோ."

"வேண்டாம்னா வேண்டாம்!"

தன்னைத் தூக்கி வளர்த்தவளை அவள் அதுவரை அப்படி அதட்டியதே இல்லை. மேட்டில் தள்ளிக்கொண்டு ஏறினாள். காரின் பின்கதவைத் திறந்து, உட்கார வைத்து, கதவை அடித்துச் சாத்தினாள். முன்னிருக்கையில் விழுந்தாள். வானொலியில் யாரோ உரக்கச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தாள், பாதியைச் சிந்தினாள். வழிகாட்டி காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளம்புங்க! நாற்காலி கிடக்கட்டும், கிளம்புங்க!"

"இஞ்சின் கொதிக்குது மேடம். தண்ணி ஊத்தினா போயிடலாம். கொஞ்சம் இருங்க."

அவள் கண்களை மூடிச் சாய்ந்தாள். தப்பித்தாயிற்று. கார் இருக்கிறது, அக்கா இருக்கிறாள், கடல் அதோ கீழே இருக்கிறது. கேட்டது கேட்டதோடு போகட்டும். பின்னிருக்கையில் பேச்சு மூச்சில்லை. அக்கா கோபித்துக்கொண்டால் அப்படித்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாள். சமாதானத்துக்குப் போவது எப்போதும் இவள்தான்.

"அக்கா," என்றாள், கண்ணைத் திறக்காமலே. அவளுக்குக் கேட்காது என்பதுகூட அந்த நேரத்தில் நினைவில்லை. "கத்திட்டேன், மன்னிச்சுக்கோ. இது இல்லன்னா ஆயிரம் கடல் இருக்கு. அடுத்த மாசமே கூட்டிட்டுப் போறேன். நீ முழங்கால் வரைக்கும் நனைச்சுக்கோ. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சரியா?"

வானொலியில் பாட்டு மாறியது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கடற்கரையிலிருந்து ஏதாவது கேட்கிறதா என்றும் சேர்த்துத்தான். அங்கிருந்து ஒன்றுமே கேட்கவில்லை. கூச்சல் இல்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அப்படியொரு அமைதி. அந்த அமைதி அவளைத் தாலாட்டியது.

"கோவமாக்கா?"

திரும்பினாள்.

இருக்கை காலியாக இருந்தது. அந்தப் பக்கக் கதவு திறந்திருந்தது.

தங்கை எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மேட்டிலிருந்து உருண்டாளா, ஓடினாளா. கீழே, கவிழ்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அக்காவின் செருப்புகள் ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து காலடித் தடங்கள். சின்ன எட்டுகள். ஆவலாக ஓடிய தடங்கள்.

அக்கா தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பளவில். கரையைப் பார்த்தபடி.

வாய் முழுக்கத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. தன் பலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை விரித்து.

ஒரு சத்தமும் இல்லை.

தங்கை ஈர மணலில் கால் வைத்தாள். வார்த்தை வராமல் வெறுமனே கத்தினாள். நெஞ்சு விம்மியது. தொண்டை கிழிந்தது. வாயில் ரத்தத்தின் உப்பு தெரிந்தது. ஆனால் எதுவும் வெளியே வரவில்லை. மறுபடி கத்தினாள். மறுபடியும். மேட்டின்மேல் வழிகாட்டி முதுகைக் காட்டி நின்று, பாட்டுக்குத் தலையாட்டியபடி இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தெரிந்தது, அந்த இரண்டாவது பெண் யாரென்று. வெளியிலிருந்து கேட்டால் சொந்தக் குரல் யாருக்கும் அடையாளம் தெரியாது.

தண்ணீருக்குள் ஓடினாள். முழங்கால். இடுப்பு. மார்பு. அதற்கு மேல் தரை இல்லை. கால் துழாவியது. ஆழம். குளிர்ந்த, அடியில்லாத ஆழம். அங்கேதான் சற்று முன் அக்கா இடுப்பளவில் நின்றிருந்தாள்.

இப்போது அக்கா இன்னும் தள்ளி இருந்தாள். நீந்தவில்லை. மூழ்கவில்லை. நிமிர்ந்து நின்றபடியே, முகத்தைக் கரைக்குக் காட்டியபடியே, பின்னோக்கி நழுவிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றித் தண்ணீர் சிற்றலைகூட எழும்பாமல் கண்ணாடி போலக் கிடந்தது. குடாவின் வாய். மேடுகளுக்கு அப்பால். திறந்த கடல்.

தங்கை அலையில்லாத அந்தத் தண்ணீரில் கைகால்களை அடித்துக்கொண்டு, ஊமையாகக் கத்திக்கொண்டே பார்த்தாள். வெயில் சாய்ந்து, கடலும் வானமும் சேரும் கோடு செம்பு நிறமாகியது. கப்பல்கள் போகும் அந்தத் தூரத்தில், ஒரு புள்ளியாக, அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில். வாயைத் திறந்தபடி.